நான் சுற்றிய காயில்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், ரேடியோ பேச்சு வந்துவிடுகிறது. பூங்காவில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டது, எதிர் வீட்டு ஜன்னலோரம் கால் கடுக்க நின்று கேட்டது, பெட்டிக்கு அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்கிறேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். என்னிடம் இருப்பது பேசாத ரேடியோவின் கதை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். இந்த வைகாசியில் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லியாகிவிட்டது. இனி உங்களிடம் சொல்வதற்கு என்ன.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் மதிலிலிருந்து மூன்றாவது தெரு. கூடத்தில் இரண்டு தறிக் குழிகள். ஒன்றில் அப்பா உட்கார்ந்து நெய்தார். இன்னொன்று சும்மா இருந்தது. அதன் மேல் ஒரு மாம்பலகையைப் போட்டு மூடியிருந்தோம். அந்தக் குழி அண்ணனுக்கு என்று அவன் பிறந்த அன்றே முடிவாகியிருந்தது. அவன் அந்தப் பலகை மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ரேடியோ செய்தான். இதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. எழுத இருந்தான். வயது பதினாறு. எனக்குப் பன்னிரண்டு. மெட்ராஸில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பொங்கலுக்கு வந்தபோது ஒரு சாக்குப் பை நிறையப் பழைய சாமானைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் கொட்டினார். மூன்று கால் டிரான்சிஸ்டர்கள், வண்ணக் கோடு போட்ட மிட்டாய் மாதிரி ரெசிஸ்டர்கள், ஸ்டேஷன் திருப்புகிற கேங், ஓரம் கிழிந்த ஸ்பீக்கர், அட்டை போன ஒரு புத்தகம்.

"இத வெச்சு ஒரு ரேடியோவப் பேச வெச்சிட்டான்னா, என் கடையிலயே சேத்துக்கறேன் மாமா. கடைக்கு ஒரு நல்ல கை வேணும்" என்று அப்பாவிடம் சொன்னார். அக்கா புருஷன் அவருக்கு மாமா.

அப்பா தறியில் ஊடை நூலை ஓட்டுகிற ஓடத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். "வைகாசி கருட சேவைக்கு நீ வருவே இல்ல?"

"வராம?"

"அன்னிக்குப் பேசணும். பேசிச்சுன்னா உன்னோட அனுப்பி வெக்கறேன். பேசலன்னா மறுநாளே தறியில குந்த வேண்டியதுதான். அதுக்கப்புறம் ரேடியோ கீடியோன்னு ஒரு பேச்சு இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

அண்ணன் தலையாட்டினான். அவனுக்குத் தறி பிடிக்காது என்றில்லை. உடலும் கரையும் தனித்தனியாக நெய்து கோர்க்கிற அப்பாவின் கோர்வைச் சேலைக்கு வலது பக்கம் உட்கார்ந்து கரை ஓடத்தைப் போடுகிற வேலையை எட்டு வயதிலிருந்து செய்தவன். ஆனால் போடும்போதே யோசனை எங்கோ போய்விடும். ஒரு ஓடம் தவறும். "கவனம் எங்கடா கீது?" என்று அப்பா கத்துவார். தறியில் அவன் பெயர் கவனமில்லாதவன். ரேடியோவில் உட்கார்ந்தால் ஈ மொய்த்தாலும் ஓட்ட மாட்டான். இரண்டும் ஒரே ஆள் என்பது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சாமான்களை எதில் பொருத்துவது என்று முதலில் தெரியவில்லை. அப்புறம் பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டான். சேலைக் கரையில் மயிலும் அன்னமும் விழுவதற்காக ஓட்டை ஓட்டையாய்க் குத்திய அட்டை. டிரான்சிஸ்டரின் கால்கள் அந்த ஓட்டைகளில் அளவெடுத்தது போல நுழைந்தன. ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும் ஈயக்கோலை அம்மாவின் அடுப்பில்தான் காய்ச்சுவான். உருகிய ரோசனப் பிசினின் புகை சாம்பிராணி மாதிரி எழும்பி, பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளிப்பு வாடையோடு கலந்து கூடத்தில் சுற்றும். "சோறு வடிக்கற எடத்துல ஈயத்தக் காய்ச்சறான் பாரு" என்று அம்மா தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். தினமும் அடுப்பில் இடமும் விட்டுத் தருவாள்.

இப்போது கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று வருஷம் பௌதிகம் நடத்திய பழக்கம். கூரை மேல் கட்டிய ஏரியல் கம்பியில் எல்லா ஸ்டேஷன்களின் அலையும் வந்து விழும். அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது காயில். ஒரு காகிதக் குழல் மேல் கம்பியை நெருக்கமாகத் தொண்ணூறு சுற்று சுற்றியது. அடுத்தது மிக்சர். வெளியிலிருந்து வந்த அலையோடு பெட்டிக்குள்ளேயே பிறக்கிற இன்னொரு அலையைக் கலக்கிற இடம். இந்த இரண்டுக்கும் நடுவில், தொண்ணூறு சுற்றின் மேலேயே இன்னொரு சின்னச் சுற்று இருக்கும். காயில் பொறுக்கியதை மிக்சருக்கு ஊட்டுவது அதுதான். அது எத்தனை சுற்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதிகமானால் மிக்சர் மொத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், ஸ்டேஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். குறைந்தால் மிக்சருக்கு ஒன்றும் போய்ச் சேராது. உடலும் கரையும் ஒரே இழுப்பில் இல்லாத கோர்வைச் சேலை சுருங்கிப் போகுமே, அது மாதிரி.

காயில் சுற்றியது நான். எங்கள் மாதிரி வீடுகளில் பெண் குழந்தைக்கு நடக்கத் தெரிந்ததும் தார் சுற்றத் தெரிந்துவிடும். ஓடத்துக்குள் போகிற சின்னக் குழலில் பட்டு நூலை இழை மேல் இழை ஏறாமல் சுற்றுவதுதான் தார். நான் சுற்றிய தாரில் ஓடம் ஒரு தரம்கூடச் சிக்காது என்று அப்பாவே சொல்வார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை. அண்ணன் செம்புக் கம்பியைக் கையில் கொடுத்தபோது எனக்கு அது வெறும் தடித்த நூல். கம்பி மேல் பழுப்பாய் ஒரு வார்னிஷ் இருக்கும். "நுனிய மட்டும் பிளேடால சுரண்டிடு பாப்பா, அப்பதான் ஈயம் புடிக்கும்" என்றான். அந்த வார்னிஷ் எதற்கு என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அழுக்கு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் இது முதலாவது.

சுற்றிய காயிலின் மேல் மெழுகு உருக்கி விட்டு, பளபளப்பான மஞ்சள் காகிதத்தைச் சுற்றி ஒட்டினேன். அழகாக இருக்க வேண்டும் என்று.

சித்திரை முழுவதும் வீணாய்ப் போனது. தறி ஓடுகிற தெருவில் ரேடியோவைச் சோதித்துப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வரிசையாய் நாற்பது வீட்டிலும் ராத்திரி படுக்கப் போகும் வரை டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு மெல்லிய குரலை எப்படித் தேடுவது? தெரு வாயை மூடுவது மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அந்த அரை மணி நேரத்தில் மற்றவர்கள் சாப்பிட, நாங்கள் இரண்டு பேரும் பலகை மேல் குனிந்து கிடப்போம். சின்னச் சுற்று பன்னிரண்டு வைத்தோம். ஊளை வந்தது. எட்டு வைத்தோம். ஊளை கொஞ்சம் மெலிந்து, அதற்குள் யாரோ இரண்டு பேர் ஒரே சமயம் முனகினார்கள். நாலு வைத்தோம். பெட்டி செத்துப் போனது. அதற்குள் முதல் தறி டக் என்று ஆரம்பித்துவிடும். மறுபடி நாளை மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். அண்ணன் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். ஒரு நாள் ஆத்திரத்தில் ஈயக்கோலைச் சுவரில் எறிந்தான். அந்தக் கரி அடையாளம் நான் கல்யாணமாகிப் போகும் வரை சுவரில் இருந்தது.

கருட சேவைக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஆறு சுற்று வைத்தான். அப்பா பாவு விஷயமாகப் பிள்ளையார்பாளையம் போயிருந்தார். தெரு அடங்கியது. அண்ணன் கேங்கை நூல் நூலாய்த் திருப்பினான். உஸ் என்ற இரைச்சலுக்கு நடுவில் ஓர் ஆள் பேசினார். மத்தியானச் செய்தி. கடலோரப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றார். அவ்வளவு தெளிவாக எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"அம்மா! ஓடியாம்மா! பேசுது!"

அம்மா கரண்டியோடு வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் குரல் மங்கிப் போனது. "மழை பெய்யற மாதிரி இரையுது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனாள். ஆக, அந்தப் பெட்டி பேசியதற்கு உலகத்தில் சாட்சி நான் ஒருத்திதான்.

"சத்தம் பத்தல பாப்பா. மாமா காதுக்கு எட்டற மாதிரி வரணும். மிக்சர்ல ஒரு ரெசிஸ்டர மாத்திப் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

சேவைக்கு முதல் நாள் விடிகாலையில் அந்த ரெசிஸ்டரை மாற்றினான். ஈயம் ஆறுவதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். பக்கத்துக் கிராமமான கூரத்தில் இருக்கும் அத்தையைச் சைக்கிளில் உட்கார வைத்துச் சேவைக்கு அழைத்து வர வேண்டும். அண்ணன் பெட்டியைச் சோதிக்காமலே கிளம்பினான். "எதையும் தொடாத பாப்பா, வந்து பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னான்.

நான் தொட்டேன்.

அந்த வருஷம் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி வந்தது. உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி, அதற்கு அடுத்தது செம்பு. வெள்ளி எங்கள் வீட்டில்தான் இருந்ததே! பட்டு இழை மேல் வெள்ளித் தகட்டை மெல்லிசாய்ச் சுற்றி, தங்கமுலாம் பூசியதுதானே சரிகை. செம்புக்கே பேசுகிற பெட்டி வெள்ளிக்குப் பாடாதா? பச்சைச் சேலை ஒன்றை நெய்து தறியிலிருந்து அறுத்து முடித்திருந்தார்கள். அதன் தாரில் மிச்சச் சரிகை ஏழெட்டு கஜம் இருந்தது. சரிகையில் ஒரு சாண்கூட எங்களுடையது இல்லை, நெய்யக் கொடுத்த முதலாளி வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டியது. அதை எடுத்தது தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதனால் அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். பெட்டி கணீர் என்று பேசட்டும், மாமா அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும், அப்புறம் காதோடு காதாகச் சொல்லலாம்.

மஞ்சள் காகிதத்தைப் பதமாகப் பிரித்தேன். தொண்ணூறு சுற்றுச் செம்பை அவிழ்த்தேன். அதே குழலில் தொண்ணூறு சுற்றுச் சரிகையை, இழைக்கு இழை ஒட்டி, இடைவெளியே தெரியாமல் சுற்றினேன். இரண்டு நுனியிலும் பழைய செம்பில் விரலளவு முறுக்கி வெளியே விட்டேன். அந்த ஆறு சுற்றைப் பழையபடியே மேலே வைத்தேன். சரிகை நுனியைச் சுரண்டவே வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு சுத்தமான கம்பி என்று சந்தோஷப்பட்டேன். டார்ச் பேட்டரியும் பல்பும் வைத்துப் பார்த்தேன், பல்பு எரிந்தது. மெழுகு விட்டேன், புதுக் காகிதம் ஒட்டினேன். கூடத்துத் தூசியைக்கூடப் பெருக்கி வைத்தேன். நான் சுற்றியதிலேயே ஆக அழகான காயில் அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

அண்ணன் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவெல்லாம் கூட்டம், இரைச்சல்; அன்று பெட்டியைப் போட்டுப் பார்க்க வழியில்லை. மறுநாள் காலையில் பெருமாள் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனார். குடை தட்டும் என்று ஏரியல் கம்பியை அவிழ்க்கச் சொன்னார்கள். அண்ணன் கூரை மேலேறி அவிழ்த்தான், சாமி போனதும் மறுபடி ஏறிக் கட்டினான். கீழே வந்து பெட்டியைப் போட்டான்.

உஸ்.

கேங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினான். உஸ் என்ற அதே இரைச்சல்தான். நடுவில் ஆள் இல்லை. ஏரியல் முடிச்சைப் பார்த்தான், சரியாக இருந்தது. பேட்டரியும் பல்பும் எடுத்துக் காயிலை வைத்துப் பார்த்தான். பல்பு எரிந்தது. "காயில் சரியாத்தான் இருக்குது. பாப்பா சுத்தனது, அதுல தப்பு வராது. நேத்து நான் மாத்துனதுதான் கெடுத்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிக்சரைப் பிரித்தான். பழைய ரெசிஸ்டரைப் போட்டான். உஸ். டிரான்சிஸ்டரை மாற்றினான். உஸ். மறுபடி பிரித்தான். ஈயக்கோல் பட்டு விரல் வெந்தது. நான் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அண்ணன் மேல்தான் கோபம். இவ்வளவு நல்ல காயிலைக் கொடுத்திருக்கிறேன், இந்த மிக்சரை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே இவனுக்கு என்று.

மாமா பன்னிரண்டரைக்கு வந்தார். விடிகாலையிலிருந்து கூட்டத்தில் நின்று சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று எந்த வீட்டிலும் தறி இல்லை. தெரு அமைதியாக இருந்த ஒரே முழு நாள் அது. மாமா பலகை மேல் உட்கார்ந்து கேங்கைத் திருப்பினார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"இன்னாடா இது, பெட்டி மூச்சு மட்டும் வுடுது" என்றார்.

"போன வாரம் பேசிச்சு மாமா. நெஜமா. நியூஸ் கேட்டோம். பாப்பாவக் கேளுங்க."

"ஆமா மாமா, மழை பெய்யும்னு சொன்னாங்க" என்றேன்.

"அண்ணனுக்கு ஜால்ரா போட ஒரு தங்கச்சி" என்றார் அப்பா.

மாமா பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தார். மிக்சரைச் சுற்றி அண்ணன் நாலு தரம் பிரித்துப் பூட்டியதில் ஈயம் உருண்டை உருண்டையாய்த் திரண்டு நின்றது, அட்டை கருகியிருந்தது. "மிக்சர்ல கோட்டை வுட்டுட்டான் மாமா. பாருங்க, ஈயம் வெச்சிருக்கற லட்சணத்த. இதெல்லாம் கை வாகு. படிச்சு வராது" என்றார். அப்புறம் அவர் கண் காயிலுக்குப் போனது. கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆனா காயில் யாரு சுத்துனது? கம்பெனி காயில் மாதிரி இருக்குதே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"இந்தக் கை இருக்குதே, இது கை. இந்தப் பொண்ண எட்டாவதோட நிறுத்திடாதீங்க மாமா. படிக்க வெய்யுங்க."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "எலை போடு, அவனுக்குப் பசிக்கும்" என்றார். அவ்வளவுதான். அண்ணன் பெட்டியின் பின்பக்கத்தை மூடினான். மறுநாள் காலையில் அப்பா அந்த மாம்பலகையைக் குழியிலிருந்து தூக்கிச் சுவரில் சாத்தினார். பெட்டியைப் பரண் மேல் போட்டார்கள். பின்னாளில் ஒரு மழையில் பரண் ஒழுகி, வேண்டாத சாமானோடு அதையும் யாரோ பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார்கள். அது எந்த வருஷம் என்றுகூடத் தெரியாது.

இன்றைக்கும் மாமாவை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரிப்பேர் தெரிந்த மனுஷர். விரல் நுனியால் மிக்சர் டிரான்சிஸ்டரின் நடுக்காலை ஒரு முறை தொட்டிருந்தால் ஸ்பீக்கர் டொக்கென்று கத்தியிருக்கும். மிக்சர் உயிரோடு இருக்கிறது, தப்பு அதற்கு முன்னால் என்று தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை. அந்த உஸ் சத்தமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குப் பசி, அலுப்பு. ஈயம் அசிங்கமாக இருந்தது, காகிதம் அழகாக இருந்தது. அதை வைத்து ஒரு பையனின் கையை எடை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனால் மாமாவைத் திட்டுவது எனக்கு வசதி. அதுவும் தெரியும்.

அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். ஒரு வார்த்தை சொன்னால் அதில் நிற்கிற மனுஷர். அண்ணன் தறியில் உட்கார்ந்ததால் வீட்டில் இரண்டு தறி ஓடியது, அதில் நான் மெட்ராஸ் வரை போனேன். கல்லூரியில் முதல் வருஷம், பௌதிக லேபில் காயில் சுற்றச் சொன்னார்கள். என் பக்கத்திலிருந்த பெண் கம்பியின் வார்னிஷ் முழுவதையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். லெக்சரர் அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணே? ஒரு சுத்தும் இன்னொரு சுத்தும் தொட்டுக்கக் கூடாதுன்னுதானே அந்த வார்னிஷ். இப்ப இது காயிலே இல்லை, வெறும் செம்புக் குழாய். பல்பு வெச்சா எரியும், ஆனா ஒரு ஸ்டேஷனையும் பிடிக்காது" என்றார்கள்.

அவர்கள் கீழே வைத்த காயிலை நான் கையிலெடுத்தேன். சரிகைக்கு வார்னிஷ் இல்லை. இழைக்கு இழை ஒட்டிச் சுற்றியிருந்தேன், இடைவெளியே தெரியாமல். கொஞ்சம் மோசமாகச் சுற்றத் தெரிந்தவளாக இருந்திருந்தால்கூட அந்தப் பெட்டி ஏதாவது முனகியிருக்கும்.

அந்த வாரமே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். போனேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டான். அப்பா இருக்கிறாரே என்று பயந்து சொல்லவில்லை. அப்பா போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் பிளாக்போர்டில் காயில் வரைந்து, சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று மற்றவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லவில்லை. வெட்கக்கேடு.

அவன் தறியில் சாதாரணமாக வரவில்லை, நன்றாகவே வந்தான். என் கல்யாணச் சேலை அவன் நெய்தது. யாராவது மெச்சினால், "அப்பா போட்டுக் குடுத்த வழி, நம்மள்து இன்னா இருக்குது" என்பான். நெசவாளர் சங்கத்தில் தலைவராக இருக்கச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். "எனக்கு அதெல்லாம் வராதுபா" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டான். வீட்டில் ஃபியூஸ் போனால் தொட மாட்டான். "பிளக்கு கழண்டாக்கூடப் பக்கத்து ஊட்டுப் புள்ளயத்தான் கூப்புடுவாரு உங்கண்ணன்" என்று அண்ணி சிரிப்பாள். "என் கைக்கு ராசி இல்ல" என்று அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

இந்த வருஷம் கருட சேவைக்குப் போனேன். அதே கூடம், அதே மத்தியானம். தெருவில் தறிச் சத்தம் இல்லை. அண்ணி அவனுக்கும் எனக்கும் இலை போட்டாள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளி, சரிகை, வார்னிஷ், லேப், எல்லாம். நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று நிறுத்தாமல் சொன்னேன்.

அண்ணன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரிகையா?" என்றான். "எந்தச் சேலையுது?"

"பச்சைச் சேலை. முதலாளி வீட்டுது."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா கொன்னுருப்பாரு."

"அதனாலதாண்ணா சொல்லல."

ரசம் ஊற்ற வந்த அண்ணியைக் கையால் நிறுத்திவிட்டு, "அப்ப மிக்சரு?" என்று கேட்டான்.

"மிக்சர் சரியாத்தான் இருந்துது."

"நான் வெச்ச மிக்சரு?"

"நீ வெச்சதுதான். நீ வெச்ச ஆறு சுத்தும் சரி. அந்த உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துதே, அது மிக்சர் வேலை செய்யற சத்தம்ணா. அதுக்குக் குடுக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. நான் அடைச்சு வெச்சிட்டேன்."

"நாலு தடவ பிரிச்சேனே பாப்பா" என்றான். "நாலு தடவ."

கையைக் கழுவ எழுந்து போனான். கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து ஈசிசேரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடந்தான். எனக்கு இரண்டடி முன்னாலேயே போனான்.

பஸ் ஸ்டாண்டில் அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர், மண்டபத் தெருவில் கடை வைத்திருப்பவர், "யாரு, தங்கச்சியா?" என்று கேட்டார். வழக்கமாக அண்ணன் என்ன சொல்வான் என்று எனக்கு மனப்பாடம். டீச்சரம்மா, பெரிய படிப்பு, நான்தான் ஒண்ணும் தெரியாதவன் என்பான்.

"தங்கச்சிதான். சயின்ஸ் டீச்சரா இருந்தா" என்றான். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். "நான் அந்தக் காலத்துல ரேடியோ பண்ணவன்."

"நீயா? எப்பப்பா? பேசிச்சா?"

"பேசிச்சு" என்றான் அண்ணன். "மத்தியான நியூஸு. மழை பெய்யும்னு சொன்னான்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, அந்தக் கடைக்காரரிடம் ஆறு சுற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.